ஆறாவது மேசை

இன்றைக்கு என் பெயர் வெள்ளைத்தாயி.
வயது நாற்பத்தாறு, ஊர் வாடிப்பட்டி.
இடது மார்பில் கட்டி, சதை எடுத்து அனுப்பி ஒன்பது நாள்.
முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்:
எழுநூறு ரூபாய், ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறு,
கோரிப்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோக் காசு தனி.

மற்ற நாளில் நான் ஜெஸிந்தா,
பனகல் சாலையில் ஜெராக்ஸ் மெஷினோடு நிற்பவள்.
மார்க் போடும் தாளை நான்தான் நகல் எடுத்தேன்,
சூடு ஆறுமுன் படித்தும் விட்டேன்.
பெயர் சொல்லி வணங்கினாரா, ஒன்று.
நாற்காலியை அருகில் இழுத்தாரா, ஒன்று.
இடையில் மௌனம் விட்டாரா, இரண்டு.
மௌனத்துக்கு இரண்டு!
என் வீட்டுக்காரர் இருந்து எழுதியிருந்தால்
தங்கப் பதக்கம்.

மணி அடிக்கும், திரை விலகும்,
ஏழு நிமிடத்துக்கு ஒரு பிள்ளை.
"உங்க கவலை எனக்குப் புரியுது" என்பார்கள்,
அடுத்த நிறுத்தம் சொல்கிற கண்டக்டர் குரலில்.
தாளில் ஒன்பதாவது வரி அது.
மூன்றாவது பிள்ளை நாற்காலியை இழுத்த இழுப்பில்
என் கால் கட்டைவிரல் நசுங்கிப் போயிற்று.
அருகில்தானே வந்தான், போடு ஒன்று.
ஐந்தாவது பெண் ஜெய்ப்பூர்க்காரி.
"அம்மா, கட்டி நல்ல கட்டி இல்லை" என்றாள்.
சிரித்துவிடக் கூடாதென்று நான் உதட்டைக் கடிக்க
அழுகிறேனென்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள்.
அதற்கும் உண்டு.

ஓரத்தில் பேராசிரியர் கோமதிநாயகம்,
டிக், டிக், டிக்.

பத்தாவதாக வந்தவன் பேட்ஜில் மு. தவசி.
கடன் வாங்கிய கோட்டு, தோள் தொங்குகிறது.
தன் பெயரைச் சொல்ல மறந்தான்.
பேனாவை அமுக்கி அமுக்கி விட்டான், டொக் டொக்.
ஃபைலைத் திறந்தான், மூடினான்,
"கூட யாருக்கா வந்துருக்காக?" என்றான்.

எனக்குக் கொடுத்த நான்கு பக்கத்தில்
இதற்குப் பதில் இல்லை.
பிள்ளைகள் இரண்டு, நூறுநாள் வேலை,
மாமியாருக்குச் சர்க்கரை, அதுவரை எழுதியிருந்தார்கள்.
வெளியே பெஞ்சில் யார் என்று எழுதவில்லை.

"யாரும் வரலை" என்றேன்.
சொன்னது வெள்ளைத்தாயி இல்லை.

ஆறு வருடம் முன்னால் இதே கட்டடத்தில்
லிஃப்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில்
ஒரு டாக்டர் நடந்துகொண்டே சொன்னார்,
நான் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டேன்.
செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கத் திரும்பியதில்
மூணு மாசம் என்றாரா ஆறு மாசமா,
தவறவிட்டேன்.
இரண்டும் இல்லை. பதினேழு நாள்.

"அப்ப இருங்கக்கா. அவசரமில்ல" என்றான்.
அவசரம்தான், மணிக்கு இரண்டு நிமிடமே.
பேனா மட்டும் டொக் டொக்.
முடிவை அவன் சொல்லவே இல்லை.
மணி அடித்தது. பேராசிரியர் தாளில்
பாதிக் கட்டங்கள் காலி.

கடைசியில் என் கட்டம் ஒன்று உண்டு:
இவரிடம் திரும்ப வருவீர்களா? ஐந்துக்கு.
நான்கு போட்டேன்.
அந்தப் பேனாச் சத்தத்துக்கு ஒன்று பிடித்துக்கொண்டேன்.
கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கு இரண்டு.

மறுபடி மணி. பதினோராவது பிள்ளை
திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிறது.
வியர்வையில் வழுகிய ஒட்டுப்பொட்டை
நடு நெற்றியில் அழுத்திக்கொள்கிறேன்.
முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது.