மஞ்சள், நூறு சதவீதம்

கோடை மலர் வேலை வந்துவிட்டது,
எண்பது பக்கம், இருபத்தைந்து சென்ட்.
வெளியே முழங்கால்வரை பனி.
ஜூனில் கடைக்குப் போகிற வெயிலை
பிப்ரவரியிலேயே தீட்டியாக வேண்டும் நாங்கள்.

பிரிட்ஜ்போர்ட், கனெக்டிகட். இரண்டாம் மாடி.
பதினான்கு பெண்கள்.
ஒரு பக்கத்துக்கு ஒன்பது தகடு:
சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று,
மஞ்சளுக்கு மூன்று.
வரைந்தவன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும்,
எழுதியவன் பெயர் சில சமயம்.
ஹலீனா விசோட்ஸ்கா என்பது
சம்பளக் கவரில் மட்டும்,
அதுவும் எழுத்துப் பிழையோடு.

அட்டையில் இரும்புத்தோள் இடியரசன்.
அவனுக்குப் பதினெட்டுப் பக்கம்,
இரண்டு பூகம்பம், ஒரு முத்தம்.
அடுத்து உப்பு மனிதன்,
மழை பிடித்தால் ஆள் பாதி.
பிறகு கடிகார டாக்டர்.
போன செவ்வாய்க்கிழமையை மட்டும்
திருப்பிக் கொண்டுவரத் தெரிந்தவர்.
"என் மாமியார் போனது புதன்கிழமை,
தப்பித்தேன்" என்றாள்
பக்கத்து மேசை ரோசால்பா,
தூரிகையை உதட்டில் கூராக்கிக்கொண்டே.

கடைசியில்,
விளம்பரங்களோடு ஒண்டுக்குடித்தனமாய்,
சாட்சிக்குருவி. ஆறு பக்கம்.
பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை,
இரவில் பறப்பாள்
யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை.
நாய் பார்த்தாலும் போதும்.
ஒருவரும் பார்க்கவில்லையென்றால்
கல்.

ஐந்தாம் பக்கம், கடைசிக் கட்டம்:
வில்லன் ஊரின் மின்சாரத்தை அறுத்துவிட்டான்.
நாற்பது மாடி, ஒரு விளக்கில்லை.
அவள் தலைகீழாய் வந்துகொண்டிருக்கிறாள்.

ஆறாம் பக்கம் வரவில்லை.
தசைப்பொடிக்காரன் முழுப்பக்கம் கேட்டானாம்,
ரொக்கமாய்க் கொடுத்தானாம்.
"அப்போ அவள்?" என்றேன்.
"எவள்?" என்றார் ஃபோர்மன் டிலேனி,
நிஜமாகவே தெரியாமல்.

'தொடரும்' போடவும் இடமில்லை.
தொடர எங்கும் இல்லை.
கடிதங்கள் குவிந்தால் தனிப் புத்தகம்,
இல்லாவிட்டால் இவ்வளவுதான்
மலரில் வருகிற சின்ன ஆட்களுக்கு.

வண்ணக் குறிப்பில் எழுதியிருந்தது:
சன்னல்கள், நீலம் நூறு, சிவப்பு ஐம்பது.
எல்லாம்.
'எல்லாம்' என்பதற்குக் கீழே ஒரு கோடு.

இருநூற்றுப் பன்னிரண்டு சன்னல்.
எண்ணிக்கொண்டே அடைத்தேன்.
இரவு ஷிப்ட் முடிந்து
பஸ் நிறுத்தத்திலிருந்து நான் நடக்கிற தெருவில்
பதினோரு வீடு. அதையும் எண்ணுவேன்.
பேக்கரிக்கு மேல் மட்டும்
சில நாள் யாரோ விழித்திருப்பார்கள்.
அன்றைக்கு நடை கொஞ்சம் மெதுவாகும்.

பதினேழாம் மாடி, இடமிருந்து நான்காவது.
நீலத்தில் அந்தச் சதுரத்தைத் தொடாமல் விட்டேன்,
சிவப்பிலும்.
மஞ்சள் தகட்டில்
அரிசி மணியளவு
நூறு சதவீதம்.

டிலேனி லென்ஸை வைத்துப் பார்த்தார்.
இடியரசனின் காலுறை
ஒரு கட்டத்தில் ஊதாவாகிவிட்டது என்று
ரோசால்பாவைத் திட்டிவிட்டு
கட்டை அனுப்பினார்.

ஜூன். மருந்துக்கடை.
சுழல் ரேக்கில் கோடை மலர்.
ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தேன்.
அச்சில் மஞ்சள் வழுக்கியிருந்தது.
சன்னல் வெறும் வெள்ளை, குருட்டுக் கண்போல.
பக்கத்துச் சுவரில் நீலத்தின் மேல் விழுந்து
பச்சையாய், பாசியாய், என் வெளிச்சம்.
அடுத்த பிரதி இன்னும் மோசம்.
மூன்று. ஏழு.
"வாங்குவதென்றால் வாங்குங்கள் அம்மா,
இது நூலகம் இல்லை" என்றார் கடைக்காரர்.
ஒன்பது.

பதினொன்றாவதில்
சரியாய்ச் சதுரத்துக்குள்.

கையில் சில்லறை இருந்தது.
வழுக்கியதில் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.
பதினொன்றாவதை
ரேக்கின் முன்வரிசையில்,
எட்டு வயது உயரத்தில்,
ஐந்தாம் பக்கம் லேசாய்ப் பிரியும்படி
வைத்துவிட்டு வந்தேன்.