கால் சுற்று

மஹ்பூலாவில் நாலாவது மாடி, சமையலறை.
அரபிப் பத்திரிகை விரித்து
என்ஜின் மூடியை மல்லாத்தி வைத்திருக்கிறேன்.
கிளட்ச் பக்கத்து மூடி.
ஒன்பது போல்ட்டில் எட்டு
கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி நிற்கின்றன.
ஒன்பதாவதற்குத் தலை மட்டும்தான்.
உடம்பு கீழே, பார்க்கிங்கில், வண்டிக்குள்.

செவ்வாய் இரவு நான்தான் உடைத்தேன்.
எண்ணெய் கசிகிறதே என்று இறுக்கப் போனேன்.
சம்பளத்தில் ஆறு தினார் பிடித்த செய்தி
அப்போதுதான் வந்திருந்தது.
ஐம்பது டிகிரி ஊரில்
சூப்பு ஆறிவிட்டதாம்.

போதும் என்றது கை.
இன்னும் ஒரு கால் சுற்று என்றது வேறேதோ.
டிக்.
பல்லி சொன்ன மாதிரி சின்னச் சத்தம்.
கூடவே மூடியின் ஒரு காதும் விரிந்துபோனது.

கம்பெனி கராஜ் என்றால் முப்பத்தெட்டு தினார்,
மூன்று நாள் வண்டி கிடையாது.
வண்டி நின்றாலும் அறை வாடகை ஓடும்,
பெட்ரோலே கேட்காது அது.

தின்னரில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து
விரிசல் நெடுக இரும்புப் பசை வைத்தேன்.
கறுப்புக் குழாயில் பாதி, வெள்ளைக் குழாயில் பாதி,
தீக்குச்சியால் குழைத்தால் சாம்பல் நிறம்.
இருபத்துநாலு மணி நேரம் காயணும் என்கிறது பெட்டி.
பெட்டியில் எழுதியவன்
ஜூலையில் குவைத்துக்கு வந்ததில்லை.
மொட்டை மாடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கேஸ்கெட்டுக்கு, தில் பகதூரின் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி.
உள்ளே மிச்சமிருந்ததை
பால்பவுடர் டின்னில் கொட்டிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தான்.
ராத்திரி வேலைக்காரன், பாவம்.

பதினொன்று முதல் நாலு வரை
வெயிலுக்காக எங்கள் வண்டிகளுக்குத் தடை.
அந்த ஐந்து மணி நேரம்தான் எனக்கு ஒர்க்ஷாப்.
எண்ணெய் கொட்டாமலிருக்க
வண்டியை இடப்பக்கம் சாய்த்து
சுவரோடு கயிற்றால் கட்டியிருந்தோம்.
கரண்ட், ஹாரிஸ் ரமதானின் அறையிலிருந்து.
டிரில், கொரேராவுடையது.
தூத்துக்குடிக்காரன், ஏசி மெக்கானிக்,
உடைந்த எதைப் பார்த்தாலும் முதலில் விசிலடிப்பான்.
ஷுவைக்கில் தேடி வாங்கி வந்திருந்தான்
இடப்பக்கம் சுற்றும் பிட் ஒன்று.

நடுவில் ஒரு புள்ளி குத்தச் சொன்னான்.
நெல்மணி அகலத்தில் ஒரு புள்ளி.
என் மூக்கு நுனி வியர்வை அதில் விழுந்தது.
துடைத்துவிட்டுக் குத்தினேன்.
பிடித்தான். அழுத்தினான்.
வெள்ளிச் சுருள் ஒன்று எழுந்து உதிர்ந்தது.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை நான்,
துருப்பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும்,
புரி போய்விடும், என்ஜினே போய்விடும் என்று.
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
பிட்டின் முனையைப் பற்றிக்கொண்டு
தானாகவே சுழன்று வந்தது துண்டு,
கூப்பிடக் காத்திருந்த மாதிரி.

"இறுக்கமெல்லாம் தலையிலதான்டா இருந்துச்சு,"
கொரேரா துண்டை உள்ளங்கையில் உருட்டினான்.
"அது போனப்புறம்
சும்மாத்தான் உக்காந்திருந்துச்சு."

மூணே காலுக்கு மாடி ஏறி
சட்டையைக் கழற்றிச் சுற்றித்தான்
மூடியைத் தூக்க முடிந்தது.
பசை நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

குறுக்கும் நெடுக்குமாய் எட்டு.
கடைசியில் புது போல்ட்.
சின்ன ஸ்பேனர், இரண்டே விரல்.
நின்றது.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
கையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உதைத்ததும் எழுந்தது வண்டி.
அடியில் பத்திரிகை போட்டுப் பார்த்தோம்.
பத்து நிமிஷத்தில் ஒரு சொட்டு.
"கசிவில்ல, வேர்வை," என்றான் கொரேரா.
நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

நாலு மணி ரெண்டு நிமிஷம்.
முதல் ஆர்டர்: சூப்பு.
கடைக்காரன் நீட்டிய கிண்ணத்தின் மூடியை
விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தேன்.
அழுத்தவில்லை.