வண்டியில் என்ன சரக்கு

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டியதும்
வரித்துறை ஜீப் கைகாட்டி லாரியை ஓரங்கட்டியது.
பில்லில் மரச்சாமான் என்றிருக்கிறது,
எடை நானூறு கிலோ.
எந்த மரம் இவ்வளவு கனக்கும் என்று
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார் அதிகாரி.
கறுப்புப் பளபளப்பில் அவர் முகமே தெரிந்தது.
"கிரானைட்டா?"

இல்லை என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன்.

ஜெகதேவிப் பக்கம் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டிய
சவரியப்பன் மகள் நான். எமரென்சியா.
பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து குறையும்,
பாஸ்போர்ட்டில் இரண்டு கூடும்.
கான்வென்ட் பியானோவில் பதினொரு கட்டைகள் பேசாது.
அந்த இடம் வரும்போதெல்லாம்
வாயால் பாடி நிரப்பிக்கொண்டே வாசித்தேன்.
பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்தினார்கள்:
மேடம், முனகாதீங்க.
பதினொரு கட்டைகளும் இப்போது பேசுகின்றன,
வாய்தான் நம்பவில்லை.

இருபத்துமூன்று வயதில், பனி கொட்டும் ஊரொன்றில்,
போட்டியின் இரண்டாம் சுற்று.
உறைந்த விரல்களை வெந்நீரில் நனைக்கப்போன இடத்தில்
கைகழுவும் மேடை முழுக்க
ஊதாவும் சாம்பலுமாய் அலையடிக்கும் எங்கள் ஊர்க் கல்.
அப்பா துளைத்ததாகவே இருக்கலாம்.
தோற்றதற்குக் கல்லைச் சொல்ல மாட்டேன்.
இடது கை நான்காம் விரல் சோம்பேறி,
அவ்வளவுதான்.

பிறகு முப்பது வருஷம்.
பெங்களூர் ஓட்டலில் ஸ்பூன் சத்தங்களுக்கு நடுவே.
கொழும்பில் மழை, ஒன்பது பேர்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
சிங்கப்பூரில் ஓர் இரவு மட்டும்
நான் வாசிக்கவில்லை, வாசிப்பது கேட்டது,
அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.
மறுநாள் பத்திரிகை
என் புடவைக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தது.

இந்தப் பியானோவுக்குக் கடன் கேட்ட மனுவில்
தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியதை
மேனேஜர் அடித்துவிட்டு டீச்சர் என்று போட்டார்.
கடன் கிடைத்தது.

ராயக்கோட்டை ரோட்டில் கல்யாண மண்டபம்.
முகூர்த்தமில்லாத நாள், வாடகை பாதி.
மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர் செலவை ஏற்றார்,
ஏனென்று அவருக்கே தெரியவில்லை.
பின்சுவரில் நேற்றைய மணமக்கள் தெர்மாகோலில்;
மாப்பிள்ளையின் முதலெழுத்து கழன்று தொங்கியது.
கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒரே சுருதியில் பிடித்தது.
காதைக் கொடுத்துக் கேட்டேன்: பி பிளாட்,
ஒரு மயிரிழை குறைவு.
பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு
அந்தச் சுருதியிலிருந்த சொனாட்டாவை முதலில் எடுத்தேன்.

முதல் பகுதி முடிந்ததும் தட்டினார்கள்.
நடுவில் தட்டக் கூடாது என்று
அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
நானும் சொல்லவில்லை.
எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
மாம்பழச் சாறு கைமாறியது.
ஒரு குழந்தை மெதுவான பகுதி முழுக்க
எங்கே போனாங்க, எங்கே போனாங்க என்று
யாரையோ தேடியது.

எல்லாம் முடிந்து நாற்காலி மடிக்கையில்
மைக்செட் திம்மராயன் கிட்டே வந்தார்.
"மேடம், இடது ஓரத்துல கடைசிக் கட்டை,
ஒரு தடவகூட தொடலயே. ரிப்பேரா?"

இன்றைக்கு அதற்கு வேலை வரவில்லை என்று
வாயெடுத்தவள், அழுத்தினேன்.

சாயங்காலம் குவாரியில் வெடி வைத்தால்
சத்தம் வருவதற்கு முன்னால்
உள்ளங்காலில் ஏறுமே,
அது.

தொங்கிய எழுத்து விழுந்தது.
திம்மராயன் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி
இன்னொரு தடவை என்றார்.
வாசலில் லாரிக்காரர்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
பெடலை மிதித்துக்கொண்டேன்.