உப்பு

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து
வெள்ளை உடுப்பைக் கழற்றிப் போட்டு
பாயான் லெப்பாஸிலிருந்து பைக்கை முறுக்கினால்
பத்து கந்தோங் லாயத்துக்கு இருபத்தைந்து நிமிடம்.
வெயில் முந்திக்கொள்ளக் கூடாது.
கெடொண்டொங்குக்கு வேர்ப்பதில்லை.

பந்தயத்தில் அதற்கு வேறு பெயர்.
நீளமான பெயர், ஒரே ஒரு முறை
மூன்றாவதாக வந்த பெயர்.
கெடொண்டொங் என்பது ரொஸ்லான் வைத்தது:
கடித்தால் பல் கூசும்,
கொட்டையைச் சுற்றி முழுக்க நார்முள்.
சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர்,
வாங்கியதோடு சரி, வந்து பார்த்ததில்லை.
மூன்று பேரைக் கீழே தள்ளியிருக்கிறது.
நான்காவது நான்.

இழுத்தால் நிற்கும் என்றிருந்தேன்.
பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால்
ஓடு என்று அர்த்தமாம்.
இதை நான் மல்லாந்து படுத்துத் தெரிந்துகொண்டேன்,
வாய் நிறைய மணல்,
கொடிமலை தலைகீழாக.

அதன்பிறகு தளர்த்தப் பழகினேன்.
பயம் வரும் அந்த நொடியில்தான்
தளர்த்த வேண்டும்;
விரல்களுக்கு இது புரிவதில்லை.
மூச்சை மெல்ல விட்டு,
இடுப்பைக் கனமாக்கி,
நில் என்று நினைத்தால் நிற்கிறது,
சில நாள்.
மற்ற நாள்களில்
வேலியில் ஒரு பிளாஸ்டிக் பை படபடக்கும்.

வலப்பக்கம் வட்டம் போடு என்றால் மரக்கட்டை.
வலது என்று ஒரு திசை இருப்பதையே
யாரும் அதற்குச் சொல்லவில்லை போல.

மார்ச் மாதம் வேர்வை நின்றது.
உடம்பு அட்டைப்பெட்டி மாதிரி காய்ந்து
மூக்குத்துளைகள் மட்டும் திறந்து திறந்து மூட,
நிமிடத்துக்கு எண்பது மூச்சு எண்ணினேன்.
குளிர்தேசத்துக் குதிரை, இந்தப் புழுக்கம் தாங்காது,
சுரப்பிகள் அலுத்துப்போய்க் கதவடைக்கும் என்றார்
டாக்டர் கோ.
மின்விசிறி, குழாய்த் தண்ணீர், உப்புத் தூள்.
சேணம் கூடாது.

கருப்பு பீர் ஊற்றினால் வேர்க்கும் என்றார் ரொஸ்லான்,
நாற்பது வருஷ வைத்தியமாம்.
‘ஆனால் நான் தொட மாட்டேன், நீ வாங்கு, நீ ஊற்று.’
காலை ஏழரைக்குக் கம்பெனிச் சட்டையோடு
இரண்டு பாட்டில் ஸ்டவுட் கேட்டேன்.
தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் ரொட்டி வாங்க நின்ற குணவதி
அன்றிரவுக்குள் மொத்த லைனுக்கும் சொல்லிவிட்டாள்.
குதிரைக்கு என்றேன்.
அதற்குத்தான் இன்னும் அதிகம் சிரித்தார்கள்.

பாட்டில்கள் காலியாயின.
குதிரை ஏப்பம் விட்டது, வேர்க்கவில்லை.

ஐந்து வாரம் ஏறவே இல்லை.
அங்சானா நிழலில் கயிற்றைப் பிடித்து
இந்தக் கோடி, அந்தக் கோடி.
ஏறாமல் கூட நடக்கும்போது
அதன் காது என் பக்கம் திரும்புவது தெரிந்தது.
நான் நின்றால் நின்றது.
நான் வலது பக்கம் வளைந்தபோது
யோசித்தது, பெருமூச்சு விட்டது, வளைந்தது.
அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவள் போல
நடந்துகொண்டே இருந்தேன்.

நான் வேலை பார்க்கும் அறையில்
வேர்வை ஓர் அழுக்கு.
ஒரு துளி விழுந்தால் ஒரு தட்டு சில்லும் பாழ்.
கண் மட்டும் தெரிய எட்டு மணி நேரம் நிற்கிறோம்,
குளிரில், வேர்க்காத ஐம்பது பேர்.

நேற்று, இரவு மழை விட்டிருந்தது.
டாக்டர் சரி என்றதால் பத்து நிமிடம் மட்டும்
மெதுவோட்டம், இரண்டு பக்கமும்.
இறங்கி, வாரை அவிழ்த்து,
பிடரிக்குக் கீழே கை வைத்தேன்.
ஈரம்.
உள்ளங்கை அளவு.

ரொஸ்லான் ஒரு விரலால் தொட்டார்.
‘குழாய்த் தண்ணீராக இருக்கும்.’
இன்று குழாயைத் திறக்கவே இல்லையே என்றேன்.
விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.
பிறகு என்னிடம் எதுவும் சொல்லாமல்
கெடொண்டொங்கிடம் போய்
மலாயில் நெடுநேரம் திட்டினார்.

மூன்று முறை சோப்பு போட்டும்
அந்த வாசனை கையில் இருந்தது.
இரவு, கையுறைக்குள் போட்டு மூடினேன்.