குறிப்பெழுதுபவள்

ஆயரில்லத்தின் மூன்றாம் மாடியில்
வெந்நீர்க் குழாய் ஓயாமல் இருமுகிறது.
சன்னலுக்கு வெளியே கஸ்பே வளைகுடா,
போன வாரம்வரை அலையாக இருந்தது,
இப்போது மேடும் பள்ளமுமாய் உறைந்து
யாரோ உழுது மறந்த நிலம் போல.

மேசையைச் சுற்றி மூவர்:
ஓய்வுபெற்ற நீதிபதி,
திருச்சபைச் சட்டம் படித்த குரு ஒருவர்,
இரவுப் பேருந்தில் மோன்றேயாலிலிருந்து வந்த
மனநல மருத்துவர், கண்கள் சிவந்தபடி.
நான்காவது நாற்காலி மேசையைத் தொடாது.
அது என்னுடையது. என் பெயர் கிஸ்லேன்.

பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான் எழுதுகிறேன்:
புகார் பெறப்பட்டது.
கவலை தெரிவிக்கப்பட்டது.
இடமாற்றம் பரிந்துரைக்கப்பட்டது.
யார் பெற்றார், யார் யாரை
எந்தப் பங்குக்கு அனுப்பினார் என்று கேட்டால்
வாக்கியம் தாங்காது.
பட்டது, பட்டது என்றே முடியும் பக்கங்களில்
பட்டவர் பெயர் மட்டும் இருக்காது.

இன்று வந்தவர் ரெஜான் கொத்னுவார்.
சிங்கி இறால் பிடிப்பவர். அறுபத்திரண்டு வயது.
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார்.
ஒன்பது வயதில் பீடச்சிறுவன்.
அருட்தந்தை ஓவிலா தெஷான்.
பூசை உடுப்பு மாற்றும் அறை.
அதற்குமேல் அவர் சொன்னதை
இங்கே வைக்கமாட்டேன். அது அவருடையது.

நீதிபதி மென்மையாகத்தான் கேட்டார்:
"அப்போதே யாரிடமாவது சொன்னீர்களா?"
"அம்மா ஆயருக்கு எழுதினாள். எழுபத்தொன்றில்."
சட்டக் குரு கோப்பைப் புரட்டினார்.
ஒல்லியான கோப்பு.
அடுத்த வசந்தத்தில் தெஷானுக்குக்
காற்று மாற்றம் தேவைப்பட்டது என்று ஒரு வரி.
ஆற்றுக்கு அப்பால் ஒரு பங்கு,
பள்ளிக்கூடம் ஒட்டிய கோவில்.
"கடிதம் வந்ததாகப் பதிவில்லை, ஐயா."

ரெஜான் சட்டைப்பையில் கைவிட்டார்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்,
உள்ளங்கை அகலம், ஆயரில்ல முத்திரை.
ரசீது. எண் 4417.
கடிதத்தோடு அம்மா
இரண்டு டாலர் வைத்திருந்தாளாம், ஒரு பூசைக்கு.
கருத்து: என் மகன் தூங்க வேண்டும்.
பெற்றுக்கொண்டோம். நன்றி.

குழாய் இருமியது.
யாரும் அனுப்பாமலே நான் கீழே போனேன்.
கடிதங்கள் தொலைந்த அந்த நிலவறையில்
காணிக்கைப் பேரேடுகள்
ஓராண்டும் தவறாமல் நிற்கின்றன, தோல் அட்டையோடு.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
திருமதி கொத்னுவார், இரண்டு டாலர்.
பூசை நிறைவேற்றியவர் என்ற கட்டத்தில்
வலப்பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து:
ஓ. தெஷான்.

பேரேட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல்
இரு கையாலும் மேலே கொண்டுவந்தேன்.
மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
சட்டக் குரு படிக்கவில்லை, தொட்டுப் பார்த்தார்.
ரெஜான் நெடுநேரம் படித்தார்.
பிறகு என்னிடம், என்னிடம் மட்டும், சொன்னார்:
"இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்."
அவள் இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.
சொல்லமாட்டேன் என்றேன்.

"ஆவணம் சமர்ப்பிக்கப்பட்டது என்று போடுங்கள்"
நீதிபதி மேலங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்.
கெட்டவர் இல்லை.
என் நாற்காலிக்கும் ஒரு தேநீர் வேண்டுமென்று
அவர் ஒருவர்தான் எப்போதும் நினைவுபடுத்துவார்.

எல்லோரும் போன பிறகு தட்டச்சுக்கு உட்கார்ந்தேன்.
வாக்கியத்தின் முதல் இடத்தில் நிற்பதற்கு
எழுவாய் என்று பெயர்.
பெயரா, கட்டளையா
என்று இன்றிரவுதான் சந்தேகம் வந்தது.

ஆயரில்லம் கடிதத்தைப் பெற்றது.
ஆயரில்லம் இரண்டு டாலரை வைத்துக்கொண்டது.
ஆயரில்லம் அந்தப் பூசையை
அருட்தந்தை தெஷானிடம் கொடுத்தது.
அவர் அதை நிறைவேற்றினார்.

நாளை இந்தப் பக்கம் திரும்பி வரும்,
பென்சில் வட்டங்களோடு.
ரப்பர் வைத்திருக்கிறேன்.
வட்டங்களை அழிப்பதற்கு.