ஒன்பதாம் துண்டு

பெரேயா மேட்டில் ஒரு முன்கதவு.
கதவில் வண்ணக் கண்ணாடிக் கப்பல்,
கப்பலில் ஆள் இல்லை.
நூறு வருஷத்து டர்பன் வெயிலில் ஈயம் தொய்ந்து
பாய் வயிறு தள்ளி நின்றது
விருந்து முடிந்து எழுந்தவர் மாதிரி.

நொகுகான்யா அந்த வீட்டை வாங்கி எட்டு மாதம்.
"மழை வந்தால் கடல் உள்ளே ஒழுகுகிறது,
மிஸ் படையாச்சி" என்றாள்,
சிரிக்காமல்.
நானும் சிரிக்காமல் கூலி சொன்னேன்.

பட்டறை மேசையில் மல்லாத்தி
தாள் விரித்துக் கரி தேய்த்தேன்.
ஈயக்கோடுகள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன.
பிறகு கத்தி.
ஈயம் எப்படியும் வழிக்கு வரும்,
பழைய மக்குதான் கல்.
மூக்கைக் கட்டிக்கொண்டு
நாளைக்கு ஒரு சாண் கடல்.

கழற்றிய துண்டின் விளிம்பில்,
இத்தனை காலம் ஈயத்துக்குள் ஒளிந்திருந்த
நெல் அகல இடத்தில்,
ஊசியால் கீறிய ஓர் எழுத்து: எ.
அடுத்ததில் அ.
இன்னொன்றில் ச. அப்புறம் உ.

டீ ஆறிப்போயிற்று.
கீழ் மூலை முத்திரை சொன்னது
பார்ட்ரிஜ் அண்ட் சன்ஸ்.
அந்த மகன்கள் யாருக்கும்
எ எழுத வந்திருக்காது.

கோயில் பின்கட்டில்
சனிக்கிழமைதோறும் படித்த தமிழைக் கூப்பிட்டு
எழுத்துக்கூட்டினேன்.
அ, எ, உ, ச: பெயர் ஆகவில்லை.
எ, அ, ச, உ: வசவுகூட ஆகவில்லை.
சரி, அகர வரிசை என்று அடுக்கினேன்,
அ முதலில், உ அடுத்து, எ அதற்கப்புறம்.
அலை அலையோடு சேரவில்லை.
பாய்க்கு மேலே நங்கூரம்.

மூன்றாம் நாள் எழுத்தை விட்டுவிட்டு
விளிம்பை மட்டும் பார்த்துப் பொருத்தினேன்,
வளைவுக்கு வளைவு, நீலத்துக்கு நீலம்.
க வந்தது. பக்கத்தில் உ.
ச நாலாவது இடத்தில் போய் உட்கார்ந்தது.
எ வந்தது. அதை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், அ.
விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனவள்
எட்டு என்று வாய்விட்டுச் சொன்னபோது
விரல் அ மேல் இருந்தது.

அட.

பழைய கணக்கேட்டு இலக்கங்கள்.
அவன் பெயர் எழுதவில்லை.
வேலைக்கு வேண்டியதைக் கீறிவிட்டு
மேலே ஈயத்தை வைத்து மூடியிருக்கிறான்.
எண்ணத் தெரிந்தவன்,
எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.
க-வின் வால் கொஞ்சம் நீளம்.
அவசரக்காரனாக இருக்கலாம்.
ஊசி வழுக்கியிருக்கலாம்.

ஒன்பதைக் காணோம்.
அந்த இடத்தில் பிற்பாடு யாரோ செருகியது
சதுர மருந்துப் பாட்டிலின் தட்டைப் பக்கம்.
நீலத்தின் நடுவே பழுப்பு,
பழுப்பில் புடைத்த மூன்று அளவுக்கோடு,
வேளைக்கு ஒன்றாக.

நீலம் தேடினேன்.
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தகடு,
போலந்திலிருந்து ஒன்று.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தால்
இரண்டும் பொய் சொல்லின.

இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.
"பழுப்பை எடுத்துவிடாதீர்கள்.
மற்றதெல்லாம் நெளிகிறது.
அது வழியாகத்தான்
வாசலில் நிற்பது யாரென்று பார்க்கிறேன்."

போலந்துத் தகட்டின் விலை
என் தலையில்.

பாட்டில் துண்டின் விளிம்பை ராவினேன்.
அது கனம், அகல ஈயம் கேட்டது.
மூடுவதற்கு முன்
ஒன்பதை எப்படிப் போடுவதென்று போனில் பார்த்தேன்,
கிட்டத்தட்ட ஒரு கூ.
வைர ஊசியால் கீறினேன்: ௯.
கோணல்தான்.
அடித்து எழுத அங்கே இடமில்லை.

செவ்வாய்க்கிழமை கதவில் ஏற்றினோம்.
நொகுகான்யா தோட்டக் குழாயைத் திருகி
கப்பல் மேல் பீய்ச்சினாள்.
நான் உள்ளே மண்டியிட்டு
சட்டத்தின் அடியில் துணி வைத்துக் காத்திருந்தேன்.
கடல் மொத்தமும் கலங்கி ஆடியது.
பழுப்பில் மட்டும், மூன்று கோட்டுக்குப் பின்னால்,
குழாய் பிடித்த ஒரு பெண்,
முழங்கை வரை நனைந்து,
ஒழுகுகிறதா என்று வாயசைத்தாள்.

துணியைத் தூக்கிக் காட்டினேன்.