ஐம்பது ஹெர்ட்ஸ்

வூச் நகரின் பழைய பஞ்சாலையில், மூன்றாம் மாடியில்,
யாக்னா இன்னும் ஒரு தந்தியையும் தொடவில்லை.
ஆம்ப் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது:
ங்ங்ங்ங்.
எந்தச் சொல்லுக்கும் முதலில் நிற்க
அனுமதி இல்லாத எழுத்து
அவளுடைய எல்லாப் பாட்டுக்கும் முன்னால்
வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சனிக்கிழமை பதிவு. இன்று செவ்வாய்.
ஏழு பெடல்களையும் பிடுங்கித் தரையில் பரப்பினாள்.
ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள்,
யார் பொய் சொல்வது என்று பார்க்க.

தனியாக இருக்கும்போது எக்கோ நிரபராதி.
கோரஸ் பெருமூச்சு விடும், அது அதன் சுபாவம்.
பச்சை டிஸ்டார்ஷன் மட்டும்
காதில் விழுந்ததை நாற்பது மடங்காக்கி
ஊருக்கே சொல்லும்.

ஒரே அடாப்டரில் ஏழும் தொங்கிக்கொண்டிருந்தன;
ஒன்று தும்மினால் ஏழுக்கும் சளி.
ஒவ்வொன்றுக்கும் தனி மின்வழி தரும் பெட்டி ஒன்று வாங்கினாள்,
பனிக்கால பூட்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில்.
கீச்சொலி போயிற்று.
காலுறை நனைந்தது.

உறுமல் போகவில்லை.
இரண்டு ஆம்ப், இரண்டு சுவர், இரண்டு பிளக்:
மண்ணுக்கு இறங்க இரண்டு வழி கிடைத்த மின்சாரம்
இறங்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.
"எர்த் பின்னை டேப் ஒட்டி மறைத்துவிட்டால்?"
என்றான் பேஸ் வாசிக்கும் தொபியாஷ்.
"உறுமல் போகும். நீயும் போவாய்."
இரண்டு பிளக்கையும் ஒரே பலகையில் செருகினாள்.
பாதி அடங்கியது.

மீதிக்குக் கிடாரோடு சுற்றினாள்.
ஜன்னலைப் பார்த்து நின்றால் குறைகிறது,
கதவைப் பார்த்தால் கூடுகிறது.
மேடையில் இப்படியே
பக்கவாட்டில் நின்று வாசிக்க வேண்டியதுதானா?

தொபியாஷ் ஒரு நாய்ஸ் கேட் கொண்டுவந்தான்.
நல்ல காவலாளி. உறுமலை வாசலிலேயே நிறுத்தியது.
கூடவே, தேய்ந்து தேய்ந்து போகவேண்டிய சுரத்தின் வாலையும்
கதவிடுக்கில் வைத்து நறுக்கியது.
மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்த
அவளுக்கு மனமில்லை.

வியாழன் இரவுதான் கவனித்தாள்,
மிச்சமிருந்த சொரசொரப்புக்கு ஒரு நடை இருப்பதை.
பதினோரு நொடி ஓடும். நிற்கும்.
துடைத்துக்கொள்வதுபோல் ஓர் இடைவெளி.
மறுபடி ஓடும்.

கீழ் மாடிக் கதவைத் தட்டினாள்.
உள்ளே க்னியெவ்கோ, கறுப்புக் கையுறை, ஊசி இயந்திரம்,
மேசையில் குப்புறப் படுத்த ஒருவன்,
அவன் முதுகில் முக்கால்வாசி நாரை.
"உங்கள் இயந்திரம் என் கிடாருக்குள் கேட்கிறது."
"உங்கள் பேஸ் என் தரையை ஆட்டுகிறது.
இந்த நாரைக்கு ஒரு கால் கோணல், யாரால் என்று நினைக்கிறீர்கள்?"
படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான்:
"என்ன கோணல்?"

அதன்பின் நடந்ததை நான் எழுதவில்லை.
முடிவு இது: அவர் பிளக் எதிர்ச்சுவருக்குப் போகும்,
அது வேறு லைன்;
சனிக்கிழமை இரண்டு மணிவரை கடை திறக்காது.

சனி. இரண்டு மணி பதினான்கு நிமிடம்.
கடைசிப் பாட்டின் கடைசிச் சுரம்
ஆம்பின் மெல்லிய ஸ்ஸ்-க்குள் கரைகிறது.
அதற்கும் அடியில், எதிர்ச்சுவரிலிருந்தும்,
காது வைத்தால் மட்டும்:
பதினோரு நொடி. இடைவெளி.
யாரோ ஒரு காலை நேராக்குகிறார்கள்.

அழித்துவிடலாம் என்கிறான் தொபியாஷ்.
அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.